உங்களுக்குத் தெரியுமா? யூதப் பண்பாட்டைக் கொண்டாடும் ஊர்கள்

ஒரு சமூகத்தின் பாட்டையும் படிப்பையும் பண்டிகையையும் காப்பது அந்தச் சமூகத்தின் வேலை மட்டும்தானா? உலகின் பல ஊர்களில் யூதப் பண்பாட்டுக்காக விழா எடுப்பவர்கள் யூதர்களே இல்லை. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். யூதர்கள் தாங்களே முன்நின்று மீட்டெடுத்த செல்வங்களும் ஏராளம். இரண்டும் கலந்த ஒரு தொகுப்பு இது.

★

போலந்தின் கிராக்கோவ் நகரில் யூதப் பண்பாட்டு விழா தொடங்கிய ஆண்டு 1988. அப்போது அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. யூதர்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவதே அரிதாக இருந்த காலம். விழாவைத் தொடங்கிய யானுஷ் மாகுஹ், கிஷிஷ்டோஃப் கியெராத் இருவருமே யூதர் அல்லர். போருக்கு முன் அந்த நகரில் சுமார் 60,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். நகர மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் யூதர். ஹிட்லரின் படைகள் வந்து போன பிறகு மிஞ்சியவர்கள் மிகச் சிலர். அவர்கள் வாழ்ந்த கசிமியெஷ் பகுதியின் வீடுகள் பூச்சு உதிர்ந்து, ஆளரவம் குறைந்து கிடந்தன.

சிறிய அளவில் தொடங்கிய அந்த விழா, ஆண்டுதோறும் கோடையில் பல நாட்கள் நடக்கும் பெருவிழாவாக வளர்ந்தது. கிளெஸ்மர் என்னும் கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்யாண இசை, தொழுகைக்கூடப் பாடகர்களின் குரலிசை, எபிரேய எழுத்தழகுப் பயிற்சி, காகிதம் வெட்டிச் செய்யும் சித்திரம், சமையல் வகுப்பு என்று பகல் முழுவதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஷெரோக்கா தெருவின் திறந்தவெளியில் பல மணி நேரம் நீளும் நிறைவுக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து நின்றபடியே கேட்டதுண்டு. கூட்டத்தில் பெரும்பாலோர் போலந்துக் கிறிஸ்தவர்கள்.

★

அதே விழாவையொட்டி 1998 முதல் ஒரு விருதும் வழங்கப்படுகிறது. யூதரல்லாத போலந்துக்காரர்களுக்கு மட்டுமே உரியது அந்த விருது. புதர் மண்டிய யூதக் கல்லறைத் தோட்டத்தைத் தன் மாணவர்களோடு சுத்தம் செய்த ஆசிரியர், ஊரின் பழைய யூதக் குடும்பங்களைப் பற்றிய ஆவணங்களைத் தேடித் திரட்டிய உள்ளூர் ஆர்வலர் போன்றோருக்குத் தரப்படுவது. யாரும் கேட்காமல், கூலி வாங்காமல் அந்த வேலையைச் செய்தவர்கள் அவர்கள். மேடையில் பாடுபவர்களுக்கு எப்படியும் கைதட்டல் கிடைக்கும். கல்லறைப் புல்லை வெட்டியவருக்குக் கிடைக்கும் கைதட்டல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

★

கிராக்கோவில் 2008இல் ஒரு யூத சமூக மையம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அன்றைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ். 2014 முதல் இந்த மையத்துக்காக ஆண்டுதோறும் ஒரு சைக்கிள் பயணம் நடக்கிறது. அவுஷ்விட்ஸ்-பிர்கெனவ் வதைமுகாமின் வாசலில் புறப்பட்டு, சுமார் 97 கிலோமீட்டர் மிதித்து, இந்த மையத்தில் வந்து முடியும். சாவின் இடத்தில் தொடங்கி, இன்று யூதக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் முடிய வேண்டும் என்பதற்காகவே பாதை அப்படி அமைக்கப்பட்டது.

★

இல்லாத முகவரிக்கு, இறந்துபோன சிறுவனுக்கு, ஒரு நகரமே கடிதம் எழுதுகிறது என்றால் நம்புவீர்களா? போலந்தின் லூப்ளின் நகரில் 2005 முதல் அது நடந்து வருகிறது.

சிறுவனின் பெயர் ஹேனியோ ஜிட்டொமிர்ஸ்கி. 1933இல் பிறந்தவன். அப்பா பள்ளி ஆசிரியர். மகன் வளர்வதை வருடா வருடம் புகைப்படம் எடுத்து வைத்தது அந்தக் குடும்பம். கடைசிப் படம் 1939 ஜூலையில் எடுத்தது: நகரின் முக்கியத் தெருவில் ஒரு வங்கியின் படிக்கட்டில் நின்று சிரிக்கிறான். செப்டம்பர் 1ஆம் தேதி அவன் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அன்றுதான் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. 1942இல், ஒன்பது வயதில், நகரை ஒட்டியிருந்த மைதானெக் முகாமில் அவன் கொல்லப்பட்டான்.

இன்று ஒவ்வோர் ஏப்ரல் 19ஆம் தேதியும் அந்தப் படிக்கட்டின் முன் ஒரு தபால் பெட்டி வைக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஹேனியோவுக்குக் கடிதம் எழுதி, அவன் வாழ்ந்த வீட்டின் முகவரியிட்டுப் போடுகிறார்கள். கடிதங்கள் ‘பெறுநர் இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பி வருகின்றன. திரும்பி வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறார்கள்.

இதை நடத்துவது ‘குரோட்ஸ்கா வாசல்’ என்ற பண்பாட்டு மையம். அந்த வாசல் இடைக்காலத்தில் கட்டப்பட்டது. கிறிஸ்தவர் நகரையும் யூதர் நகரையும் இணைத்தது. 1990களில் பாழடைந்த அந்தக் கட்டடத்தில் குடியேறியது ஒரு நாடகக் குழு. வாசலுக்கு அப்பால் இருந்த வெற்று நிலம் ஒரு காலத்தில் வீடும் கடையும் தொழுகைக்கூடமுமாக நெருங்கிக் கிடந்த யூதர் பேட்டை என்பதை அவர்கள் அங்கே வந்த பிறகே உணர்ந்தார்கள். நாடகம் பின்னுக்குப் போயிற்று. போருக்கு முன் லூப்ளினில் வாழ்ந்த யூதர்கள் சுமார் 43,000 பேர். ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் 43,000 கோப்புகளை அடுக்கி வைத்து, பெயரும் தகவலும் கிடைக்கக் கிடைக்க நிரப்பிவருகிறார்கள். பல கோப்புகள் இன்னும் காலி.

★

அதே ஏப்ரல் 19இல் வார்சாவில் நடப்பவர்களின் சட்டைகளில் மஞ்சள் நிறக் காகிதப் பூ குத்தியிருக்கும். 1943இல் அந்த நாளில்தான் வார்சா கெட்டோ என்னும் அடைப்புக் குடியிருப்பில் வைக்கப்பட்டிருந்த யூதர்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். அந்த எழுச்சியை வழிநடத்தித் தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவர் மாரெக் எடெல்மன். பிற்காலத்தில் இதய மருத்துவரானவர். ஆண்டுதோறும் நினைவு நாளில் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அவருக்கு மஞ்சள் டாஃபடில் மலர்க்கொத்து அனுப்பிவந்தார். 2009இல் எடெல்மன் மறைந்தார். 2013 முதல், போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகத்தின் தொண்டர்கள் அந்த மலரைக் காகிதத்தில் செய்து வார்சாவின் தெருக்களில் எல்லோருக்கும் வழங்குகிறார்கள்.

★

போலின் அருங்காட்சியகத்துக்குள் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. குவோஜ்ஜியெட்ஸ் என்ற ஊரில் இருந்த மரத் தொழுகைக்கூடத்தின் கூரை. உட்புறம் முழுக்க மிருகங்கள், பறவைகள், கொடிகள், எபிரேய எழுத்துகள். போலந்தில் இருந்த இத்தகைய மரக் கூடங்களை நாஜிகள் எரித்துத் தீர்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஹேண்ட்ஸ்ஹவுஸ் ஸ்டுடியோ என்ற அமைப்பு, 2011, 2012 ஆண்டுகளில் மாணவர்களையும் தச்சர்களையும் தொண்டர்களையும் நூற்றுக்கணக்கில் சேர்த்துக்கொண்டு கூரையை மீண்டும் உருவாக்கியது. மரத்தைச் செதுக்கியது பழங்காலக் கைக்கருவிகளால். ஓவியம் தீட்டியது போலந்தின் பல ஊர்களில் பொதுமக்கள் பார்க்க நடந்த பட்டறைகளில். பார்க்க வந்த பலருக்குத் தங்கள் ஊரில் யூதர்கள் வாழ்ந்த கதையே அந்தப் பட்டறையில்தான் தெரியவந்தது. மறந்துபோன கைவேலையை மீட்க, அதைச் செய்து பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது.

★

ஜெர்மனியில் நடைபாதைகளைக் கவனித்து நடந்தால், பத்து சென்டிமீட்டர் அகலத்தில் பித்தளைத் தகடு பதித்த கற்கள் தெரியும். ‘இங்கே வாழ்ந்தவர்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட நாள், முடிவு. யூதர்களோடு, நாஜிகளால் துன்புற்ற ரோமா மக்களுக்கும் மற்றவர்களுக்கும் இக்கற்கள் உண்டு. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை. 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் 1,00,000ஆவது கல் பதிக்கப்பட்டது.

ஒவ்வொரு நவம்பர் 9ஆம் தேதியும் தெருவாசிகள் துணியும் பாலிஷும் எடுத்துவந்து இந்தக் கற்களைத் துலக்குகிறார்கள். 1938இல் அந்த இரவில்தான் ஜெர்மனியெங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. துலக்கிய பின் மெழுகுவர்த்தி வைத்து, பெயர்களை உரக்க வாசிப்பார்கள். அந்தப் பெயரை வாசிக்க எவரும் குனிந்தே ஆக வேண்டும்.

★

1941இல் லித்துவேனியாவின் வில்னா நகரைப் பிடித்த நாஜிகள், நாற்பது பேர் அளவிலான யூத அறிஞர்களைப் பிடித்து ஒரு வேலையில் அமர்த்தினார்கள். யூத நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் தரம் பிரிக்க வேண்டும். சிறந்தவை பிராங்பர்ட்டுக்கு, யூதர்களை ‘ஆராய’ அங்கே ஒரு நிறுவனம் வைத்திருந்தார்கள். மிச்சமெல்லாம் காகித ஆலைக்கு. அப்படிப் பிரிக்கும்படி பணிக்கப்பட்டவர்களில் ஆப்ரஹாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கே காட்செர்கின்ஸ்கி என்ற இரண்டு கவிஞர்களும் இருந்தார்கள்.

அவர்கள் மாலை வேலை முடிந்து கெட்டோவுக்குத் திரும்பும்போது உடைக்குள் தாள்களைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். வாசலில் காவலர் சோதனை உண்டு. பிடிபட்டால் அடி, சில வேளை உயிரே போகும். உணவை ஒளித்துக் கொண்டுவந்தாலும் ஒரு வேளைப் பசி தீரும். அவர்கள் கொண்டுவந்தது பழைய நாட்குறிப்பும் கவிதையும் கடிதமும். நிலவறையிலும் சுவர்களுக்குள்ளும் புதைத்தார்கள். கெட்டோவுக்கு வெளியே இருந்த லித்துவேனிய நண்பர்களிடமும் ஒப்படைத்தார்கள்.

போர் முடிந்ததும் பிழைத்தவர்கள் திரும்பி வந்து தோண்டி எடுத்தார்கள். ஆனால் சோவியத் ஆட்சி 1949இல் வில்னாவின் யூத அருங்காட்சியகத்தை மூடிவிட்டது. அப்போது அன்டானாஸ் உல்பிஸ் என்ற லித்துவேனிய நூலகர், அந்தத் தாள்களையெல்லாம் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் வேறு தாள்களுக்கு அடியில் ஒளித்து வைத்தார். பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தன. 2017இல் மட்டும் மேலும் 1,70,000 பக்கங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. நியூயார்க்கிலுள்ள யீவோ நிறுவனமும் லித்துவேனிய நூலகங்களும் சேர்ந்து இந்தச் சேகரத்தின் சுமார் 41 லட்சம் பக்கங்களை இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. யீவோ பிறந்ததே 1925இல் வில்னாவில்தான்.

★

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் எழுதப்பட்ட புத்தகங்கள் உலகில் 70,000 அளவில்தான் மிஞ்சியிருக்கும் என்று 1980இல் வல்லுநர்கள் மதிப்பிட்டார்கள். ஆரன் லான்ஸ்கி என்ற 24 வயது மாணவர் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டுத் தேடப் புறப்பட்டார். முதியவர்கள் வீடு வீடாக அழைத்துப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். உட்கார வைத்துச் சாப்பாடும் போட்டு, ஒவ்வொரு புத்தகத்தின் கதையையும் சொன்ன பிறகே அனுப்பினார்கள். நியூயார்க்கில் குப்பைத் தொட்டியில் கொட்டப்பட்ட ஆயிரக்கணக்கான புத்தகங்களை மழையில் நனைந்தபடி நண்பர்களோடு அள்ளிவந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் சேர்ந்தவை பத்து லட்சத்துக்கும் மேல்!

மாசசூசெட்ஸ் மாநிலம் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் 1997இல் அவருடைய யிட்டிஷ் புத்தக மையத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. கோடையில் அங்கே யிட்ஸ்டாக் என்ற இசை விழாவும் நடக்கிறது. ஆயிரக்கணக்கான நூல்களை யாரும் இலவசமாக இணையத்தில் படிக்கலாம். தாத்தாவின் அலமாரியைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடை போடும் முன் லான்ஸ்கியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

★

கிளெஸ்மர் இசையை வயதான கலைஞர்களிடமிருந்து இளையவர்கள் நேரில் கற்க, ஹென்றி சபோஸ்னிக் 1985இல் தொடங்கியது கிளெஸ்கேம்ப். நியூயார்க் மாநில மலைப்பகுதி விடுதிகளில், கிறிஸ்துமஸ் வாரத்தில், குடும்பம் குடும்பமாகத் தங்கிக் கற்றார்கள். 2014 வரை நடந்தது. இன்று பல நாடுகளில் நடக்கும் யிட்டிஷ் இசை முகாம்களுக்கு அதுதான் முன்னோடி.

★

உலகின் முதல் யூதத் திரைப்பட விழா சான் பிரான்சிஸ்கோவில் 1980இல் தோன்றியது. லண்டனின் யூதப் புத்தக வாரம் 1952இலேயே தொடங்கிவிட்டது.

★

பிரிட்டனில் 1980இல் ஒரு சிறு குழுவோடு தொடங்கிய ‘லிம்முட்’ என்ற கற்றல் விழாவில் பெயர் அட்டையில் பட்டம் போடுவதில்லை. பேராசிரியர், ரபி, மருத்துவர் எல்லோருக்கும் வெறும் பெயர்தான். காலையில் வகுப்பெடுத்தவர் மாலையில் இன்னொருவர் வகுப்பில் மாணவராக உட்கார்ந்திருப்பார். ஏற்பாடெல்லாம் தொண்டர்கள். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. நம் ஊர் இலக்கியக் கூட்டங்களும் இந்த ஒரு வழக்கத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

★

அமெரிக்காவில் மே மாதம் யூத அமெரிக்கர் மரபு மாதம். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2006இல் அறிவித்தது. இதற்கு முன்னோடியாக 2004இல் ஒரு நினைவு ஆண்டு கொண்டாடப்பட்டது. பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்திலிருந்து 23 யூத அகதிகள், இன்றைய நியூயார்க்கான நியூ ஆம்ஸ்டர்டாமில் வந்திறங்கியது 1654இல். அதன் 350ஆம் ஆண்டு அது. ஆளுநர் பீட்டர் ஸ்டைவெசன்ட் அவர்களை வெளியேற்றவே பார்த்தார். அந்தக் குடியேற்றத்தை நடத்திய டச்சு வணிகக் கம்பெனியின் மேலிடம் அனுமதித்ததால் தங்கினார்கள்.

★

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1996இல் பூட்டிக் கிடந்த தொழுகைக்கூடங்களின் கதவுகளை ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்தது. அதிலிருந்து வளர்ந்ததே செப்டம்பர் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நடக்கும் ஐரோப்பிய யூதப் பண்பாட்டு நாட்கள்.

★

மொராக்கோவின் மிமூனா பண்டிகையைப் போல அண்டை வீட்டாரை நம்பி நிற்கும் பண்டிகை வேறு இருக்குமா என்று தெரியவில்லை. பாஸ்கா என்னும் யூதப் பண்டிகை வாரம் முழுக்க யூதர் வீட்டில் புளித்த மாவு இருக்கக் கூடாது. ஒரு துளி மாவும் இல்லாமல் துடைத்து வைத்துவிடுவார்கள். வாரம் முடியும் மாலையில் ரொட்டிக்கு மாவு வேண்டுமே? முஸ்லிம் அண்டை வீட்டார் மாவும் புளிப்பும் பாலும் வெண்ணெயும் தேனும் பச்சைக் கதிருமாக வந்து கதவைத் தட்டுவார்கள். அந்த மாவில் மெல்லியதாக விரித்துச் சுட்ட ‘மூஃப்லெட்டா’ அப்பத்தில் வெண்ணெயும் தேனும் தடவி, கொண்டுவந்தவர்களோடு பகிர்ந்து உண்பார்கள். அன்றிரவு எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது.

மொராக்கோவில் ஒரு காலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். தாத்தா பாட்டி சொன்ன அந்த அண்டை வீட்டாரைப் பார்த்தே இராத இளைய தலைமுறை வளர்ந்தது. 2007இல் இஃப்ரான் நகரின் அல் அகவைன் பல்கலைக்கழக முஸ்லிம் மாணவர்கள் சிலர் ‘மிமூனா’ என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோக்கம், மொராக்கோவின் யூத மரபைத் தம் தலைமுறைக்குச் சொல்வது. 2011இல் அதே பல்கலைக்கழகத்தில் யூத இனப்படுகொலை பற்றிய மாநாட்டை நடத்தினார்கள். அரபு உலகில் அதுவரை யாரும் செய்யாத காரியம். அதே ஆண்டு வந்த புதிய அரசியலமைப்பின் முன்னுரை, நாட்டின் அடையாளத்தை வளர்த்த ஊற்றுகளில் எபிரேய மரபையும் பெயர் சொல்லிச் சேர்த்தது.

★

காசாபிளாங்காவில் 1997இல் திறக்கப்பட்ட யூத அருங்காட்சியகம் அரபு நாடுகளிலேயே முதலாவது. அதை நெடுங்காலம் பொறுப்பேற்று நடத்தியவர் ஜோஹூர் ரெஹிஹில் என்ற முஸ்லிம் பெண்மணி.

★

துனிசியாவின் ஜெர்பா தீவில் எல் கிரிபா தொழுகைக்கூடம் இருக்கிறது. பாஸ்காவுக்குப் பின் வரும் லாக் பஓமெர் நாளையொட்டி அங்கே யாத்திரை. பெண்கள் முட்டைகளில் வேண்டுதலை எழுதிக் கூடத்தின் உட்குழியில் வைப்பார்கள். முஸ்லிம் பெண்களும் வந்து வைப்பதுண்டு. 2002இல் வெடிகுண்டுத் தாக்குதல். 2023இல் யாத்திரை நாளிலேயே துப்பாக்கிச் சூடு. உயிர்கள் போயின. ஆனாலும் வழிபாடு நிற்கவில்லை.

★

எத்தியோப்பிய யூதர்கள் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் கழிந்த ஐம்பதாம் நாளில் மலையேறி, விரதமிருந்து, வேதம் வாசித்து, இறங்கி வந்து விருந்துண்பார்கள். சிக்ட் என்ற இந்தத் திருநாள் 2008இல் இஸ்ரேலின் அரசு விழாப் பட்டியலில் சேர்ந்தது.

★

கொல்கத்தாவின் மாகென் டேவிட் தொழுகைக்கூடம் 1884இல் கட்டப்பட்டது. நகரில் ஆயிரக்கணக்கில் இருந்த பாக்தாத் யூதர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். கூடத்தைத் துடைத்து, மர இருக்கைகளை மெருகேற்றிப் பார்த்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள். யூதச் சிறுமியருக்காக 1881இல் தொடங்கிய பள்ளியிலும் இன்று படிப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண் பிள்ளைகள். 1902இல் தொடங்கி இப்போது நியூ மார்க்கெட்டில் இருக்கும் நஹூம் யூத பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக் வாங்க எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்கிறார்கள்.

★

கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் வீட்டில் நல்ல காரியம் என்றால் ‘மலிதா’ இல்லாமல் முடியாது. அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் கலந்து, சுற்றிலும் பழங்கள் அடுக்கி, எலியா தீர்க்கதரிசியைப் பாடி வாழ்த்திப் பகிர்ந்து உண்பது. அலிபாக் அருகே கண்டாலா கிராமத்தில் ஒரு பாறைத் தடத்தை எலியாவின் ரதம் வந்துபோன அடையாளமாகக் காட்டுவார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் அங்கே போய் மலிதா படைக்கிறார்கள்.

★

கொச்சி யூதர்களின் மலையாளப் பாடல்களைக் காத்தவர்கள் பெண்கள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் புதுத் தொழுகைக்கூடத் திறப்புக்கும் தனித்தனிப் பாட்டு. கையால் எழுதிய நோட்டுகளில் பாடல்களைப் பிரதி எடுத்து, தாய் மகளுக்குக் கொடுத்துவந்தார்கள். பல நாட்டு யூத மரபுகளில் ஆண்கள் முன் பெண்கள் பாடுவது தடை. கொச்சியில் அந்தத் தடை கிடையாது. ஆண்கள் நடுவிலும் உரக்கப் பாடினார்கள்.

1950களில் ஏறத்தாழ முழுச் சமூகமும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. புது நாடு, புது மொழி, வயல் வேலை. நோட்டுகள் பெட்டிக்குள் போயின. 1970களில் பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் அந்தப் பெண்களைத் தேடிப் போய்ப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். பிறகு மலையாளப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியா பழைய மொழியின் முடிச்சுகளை அவிழ்த்தார். அவர் கிறிஸ்தவர். அவரும் ஒஃபிரா கம்லியேலும் சேர்ந்து 2005இல் மலையாளத்திலும் எபிரேயத்திலுமாக ‘கார்குழலி’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகம் பாடல்களை ஒலித்தட்டாக வெளியிட்டது. வயது முதிர்ந்த பெண்கள் ஒன்றுகூடி ஒத்திகை பார்த்து, மேடையேறிப் பாடத் தொடங்கினார்கள். பேத்திகளுக்குப் பாட்டியின் மொழி முதன்முறையாகக் காதில் விழுந்தது. இங்கே சொன்ன அத்தனை செய்திகளிலும் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

★

கொச்சி யூதர்களின் பெருமிதத்துக்குரிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபடி ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையையும் 72 உரிமைகளையும் அளித்தான். பகல் விளக்கு, நடைபாவாடை, குடை, பறை, தோரணம் எல்லாம் அவற்றில் அடக்கம். தமிழ்க் கல்வெட்டு படித்தவர்களுக்கு அந்தச் சொற்களில் பலவும் அந்நியமாக இருக்காது. அஞ்சுவண்ணம் தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் வரும் பெயர்.

★

மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. 1968 டிசம்பரில் அதன் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்தார். அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. இப்போது அந்தத் தெருவில் யூதக் குடும்பங்கள் அநேகமாக இல்லை.

★

சென்னைக்கும் பங்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையில் போர்ச்சுகீசிய யூத வணிகர்கள் குடியேறினார்கள். ஐரோப்பாவிலிருந்து பவளம் வந்தது. கோல்கொண்டா வைரம் போயிற்று. 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது 12 ஆல்டர்மேன்களில் மூவர் யூதர். மண்ணடியின் பவளக்காரத் தெரு அந்தப் பவள வணிகத்தின் பெயரை இன்றும் தாங்கியிருக்கிறது. யூதக் கல்லறைகள் சில லாயிட்ஸ் சாலையில் எஞ்சியிருக்கின்றன. மாநகராட்சியின் பிறந்தநாளைக் கொண்டாடும்போது அந்த மூவரையும் ஒரு வரியில் நினைவுகூர்ந்தால் நன்றாக இருக்கும்.

★

மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மர வேலைப்பாடு ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தி வைக்கப்பட்டுள்ளது. அதற்குள் இருக்கும் தோரா (வேதச் சுருள்) பேழை பரவூரிலிருந்து போனது. இஸ்ரேலின் தெற்கே நெவாட்டிம் என்ற வேளாண் கிராமத்தில் கொச்சிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு அருங்காட்சியகமும் தொழுகைக்கூடமும் வைத்திருக்கிறார்கள்.

★

கொச்சிக்குப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடுகிறோம். வடக்கே பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் கேரள அரசு பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கும் இரண்டு தொழுகைக்கூடங்கள் உள்ளன. ஓடு வேய்ந்த கூரை, மரப்படி, வண்ணம் தீட்டிய விதானம் எல்லாம் உள்ளூர் ஆசாரிகளின் கைவரிசை. சேந்தமங்கலத்தில் சாரா என்ற பெண்ணின் எபிரேயக் கல்லறைக் கல் நிற்கிறது, ஆண்டு 1269. அடுத்த முறை கொச்சி போகும்போது இவ்விரண்டு ஊர்களுக்கும் ஒரு பகல் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மட்டாஞ்சேரி கூடத்துக்குச் சனிக்கிழமையில் போகாதீர்கள். அன்று ஓய்வுநாள், கதவு திறக்காது.